கொழும்பு ஊர்ப்பெயர்களை வாசிப்பது எப்படி: புதிதாக வந்தவர்களுக்கு

நான் கொழும்புக்கு வந்து மூன்றாவது கிழமை. கொட்டாஞ்சேனையில் இருந்த சித்தி, செவ்வாய்க்கிழமை பின்னேரம் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடிக்கு வா, அங்கிருந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருந்தார். புறக்கோட்டை பஸ் நிலையத்தில் நின்ற ஒரு பஸ்ஸில் "கொச்சிக்கடை போகுமா?" என்று கேட்டேன். கொண்டக்டர் ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார், ஏறிவிட்டேன். வத்தளை வந்தது, ஜா-எல வந்தது, கட்டுநாயக்கா வந்தது, நீர்கொழும்பும் தாண்டியது. கடைசியில் இறக்கிவிட்ட இடத்தின் பெயர் கொச்சிக்கடைதான், அந்தோனியார் கோயில்தான் அங்கே இல்லை. நீர்கொழும்புக்கு வடக்கே ஒரு கொச்சிக்கடை இருப்பது எனக்குத் தெரியாது. சித்தி அந்தோனியார் கோயிலின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்குள் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றிருக்கிறார்.

அன்றைக்கு வாங்கிய ஒரு கொப்பியில்தான் ஊர்ப்பெயர்களை எழுதத் தொடங்கினேன். முதலில் வழி தப்பாமல் இருப்பதற்காக, பிறகு ஆசையில். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வேலைக்கும் படிப்புக்கும் இங்கே வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: கொழும்பின் பெயர் எதையும் ஒரு மொழியை மட்டும் வைத்து வாசிக்காதீர்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், பிறகு போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். இதை எப்படிச் செய்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: பலகையை முழுதாக வாசியுங்கள்

வீதிப் பலகையிலும் ரயில் நிலையப் பலகையிலும் மூன்று மொழியிலும் பெயர் இருக்கும். நாங்கள் தமிழை மட்டும் பார்த்துவிட்டு நடந்துவிடுவோம். கொப்பியில் மூன்று நிரல் போட்டு மூன்றையும் எழுதுங்கள். சிங்கள எழுத்துத் தெரியாவிட்டால் ஃபோனில் ஒரு படம் எடுத்துவைத்து, வேலைத்தலத்தில் யாரையாவது வாசிக்கச் சொல்லி அதை அப்படியே தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பெயர் எழுதியதுமே ஒரு வித்தியாசம் தெரியும். சில பெயர்கள் எல்லா மொழியிலும் ஒரே பொருளைச் சொல்லும். வாழைத்தோட்டம் சிங்களத்தில் கெசெல்வத்த, கெசெல் என்றால் வாழை. கறுவாத்தோட்டம் அங்கே குருந்துவத்த, ஆங்கிலத்தில் சினமன் கார்டன்ஸ். ஒல்லாந்தர் அங்கே உண்மையாகவே கறுவாத் தோட்டம் வைத்திருந்தார்கள், இன்றைக்குக் கொழும்பு 7 என்றால் தூதரகமும் பெரிய வீடுகளும்தான் நினைவுக்கு வரும். புறக்கோட்டையும் அப்படித்தான். கோட்டைக்குப் புறத்தே இருந்த ஊர், சிங்களத்திலும் பிட்டகொட்டுவ.

சில பெயர்களில் சத்தம் மட்டும்தான் ஒரு மொழியிலிருந்து மற்ற மொழிக்கு வந்திருக்கும், வெள்ளவத்தை மாதிரி. இன்னும் சிலவற்றில் ஒரு மொழிக்கும் மற்றதற்கும் சம்பந்தமே இராது. நீதிமன்றம் இருக்கிற புதுக்கடையை ஆங்கிலத்தில் ஹல்ஸ்ட்ரொப் என்பார்கள். கொழும்பைப் பிடிக்க வந்து 1656இல் முற்றுகையின்போது இறந்துபோன ஒல்லாந்தத் தளபதி ஹுல்ஃப்ட், அவருடைய 'டொர்ப்', அதாவது கிராமம். வழக்குக்குப் போகிறவர் "புதுக்கடைக்குப் போகிறேன்" என்பார், சட்டத்தரணியின் கடிதத் தலைப்பில் ஹல்ஸ்ட்ரொப் என்று இருக்கும். இரண்டும் ஒரே இடம் என்று தெரியாமல் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். செட்டியார் தெருவும் அதேபோல. சிங்களத்தில் ஹெட்டி வீதிய, ஹெட்டி என்பது செட்டிதான், ஆனால் ஆங்கிலத்தில் அது சீ ஸ்ட்ரீட், கடல் தெரு. தங்க நகை வாங்க வருகிற வெளிநாட்டு உறவினருக்கு ஆங்கிலத்தில் விலாசம் அனுப்பும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது: பெயரின் வாலைப் பிடியுங்கள்

சிங்களப் பெயர்களில் நிலம் எப்படிப்பட்டது என்பது கடைசியில்தான் வரும். பத்துச் சொல் தெரிந்தால் பாதிக் கொழும்பு திறந்துவிடும். 'வத்த' என்றால் தோட்டம், தமிழில் வத்தை ஆகிவிட்டது. 'பிட்டிய' என்றால் வெளியான சமநிலம், நாங்கள் பிட்டி என்கிறோம். 'கொட' என்றால் மேட்டு நிலம், 'எல' என்றால் ஓடை அல்லது வாய்க்கால், 'தெனிய' என்றால் தாழ்ந்த வயல் நிலம், 'யாய' என்றால் பரந்த வயல்வெளி. 'ஹேன' என்பது எங்கள் சேனைப் பயிர்ச்செய்கையின் சேனைதான், கொட்டாஞ்சேனைக்குச் சிங்களத்தில் கொட்டஹேன என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள், இரண்டின் வாலும் ஒன்று.

இப்போது முன்பாதியைச் சேர்த்துப் பாருங்கள். 'நுக' என்றால் ஆலமரம், நுகேகொட ஆலமரத்து மேடு. 'தெமட்ட' என்பது குமிழ மர வகை, தெமட்டகொட அந்த மரம் நின்ற மேடு. திம்பிரிகஸ்யாய என்று பஸ்ஸில் கத்தும்போது நாக்கில் ஏறாத பெயர் என்று நினைத்திருக்கிறேன். திம்பிரி என்பது ஊரிலே நாங்கள் பனிச்சை என்கிற அதே மரம், காயின் பாலை மீன் வலைக்குச் சாயமாகப் பூசுவார்களே, அது. கஸ் என்றால் மரங்கள். பனிச்சை மரங்கள் நின்ற வயல்வெளி! அது தெரிந்த பிறகு அந்தப் பெயர் எனக்கு அந்நியமாகப் படவில்லை. பொரளை 'பொரலு' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள், சரளைக்கல்.

ஒரு விசயம், வீடு தேடுகிறவர்களுக்கு. 'கொட' என்று முடிகிறதே, மேட்டு நிலம், வெள்ளம் வராது என்று பெயரை நம்பி முற்பணம் கட்டிவிடாதீர்கள். எத்தனையோ சதுப்பையும் வயலையும் மண் போட்டு நிரப்பி வீடு கட்டியிருக்கிறார்கள், பெயர் சொல்கிற நிலம் இப்போது காலடியில் இல்லை. 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவைப் பக்கம் பட்ட பாடு பலருக்கு இன்னும் ஞாபகம். பக்கத்து வீட்டுக்காரரிடம் "மழைக்குத் தண்ணி எதுவரை வரும்?" என்று கேளுங்கள், சுவரில் கோடு காட்டுவார்கள்.

தமிழ்க் காது செய்யும் பிழைகள்

இதுதான் எங்களுக்கு வரும் பெரிய சிக்கல், கொஞ்சம் நின்று சொல்கிறேன். தமிழில் எழுதியிருக்கிற பெயரைப் பார்த்ததும் மனம் தானாகவே தமிழ்ப் பொருளைத் தேடிவிடும். வெள்ளவத்தையைப் பார்த்து வெள்ளை என்போம், வெள்ளம் என்போம், வத்தை என்பது தோணி என்று தெரிந்தவர்கள் வெள்ளைத் தோணி என்று ஒரு கதையே கட்டிவிடுவார்கள். சிங்களத்தில் 'வெல்ல' என்பது கடற்கரை மணல். மணல் தோட்டம், அவ்வளவுதான். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் எந்த ஒழுங்கையிலும் யாராவது அத்திவாரம் வெட்டும்போது எட்டிப் பாருங்கள். நான் பார்த்தபோது மேலே ஒரு முழம் கறுத்த மண், அதற்குக் கீழே மஞ்சள் மணல், கையில் எடுத்தால் விரலிடையால் வழிகிற மணல். பெயர் அங்கே கிடந்தது.

காலிமுகத்திடல் இன்னொன்று. புதிதாக வந்த ஒரு தம்பி, வெறுமையாகக் கிடக்கிற இடம் என்பதால் காலி என்றார்களா அண்ணை என்று என்னிடம் கேட்டார். கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் இது தெற்கே இருக்கிற காலி நகரம். கோட்டையின் காலிப் பக்கம் பார்த்த முகப்புக்கு முன்னால் இருந்த வெளி, ஆங்கிலத்திலும் கோல் ஃபேஸ். 1859இல் ஆளுநர் ஹென்றி வோர்ட் அதை மக்கள் உலாவும் திடலாக்கினார்.

கொழும்பை விட்டுத் தெற்கே தூரமாகப் போனால் ஹம்பாந்தோட்டை. தோட்டம் மாதிரிக் கேட்கிறது, இல்லையா? அது 'தொட்ட', துறை. சம்பான் படகுகள் வந்த துறை. கொழும்பிலேயே தொட்டலங்க இருக்கிறது, துறைக்குக் கிட்ட என்று பொருள். களனி ஆற்றைக் கடக்கிற இடம் அது. பக்கத்திலுள்ள கிராண்ட்பாஸைப் போர்த்துக்கேயர் பெரிய கடவை என்ற பொருளில் அழைத்தார்கள், நாங்கள் அதற்குப் பாலத்துறை என்கிறோம். துறை, கடவை, பாலம் என்று ஒவ்வொரு மொழியும் அதே ஆற்றங்கரையைத்தான் காட்டுகிறது. விக்டோரியா பாலம் 1895இல் வருவதற்கு முன் அங்கே படகுகளை வரிசையாகக் கட்டிப் பாலம் போட்டிருந்தார்கள்.

கோட்டை என்ற சொல்லிலும் கவனமாக இருங்கள். சிங்களத்தில் கொட்டுவ என்பது கொழும்புக் கோட்டை. பத்தரமுல்லைப் பக்கம் இருக்கிற கோட்டே என்பது பழைய அரசின் தலைநகர், ஸ்ரீ ஜயவர்தனபுர. தமிழில் இரண்டையும் கோட்டை என்று எழுதுகிறவர்கள் உண்டு. நேர்முகப் பரீட்சைக் கடிதத்தில் கோட்டை என்று மட்டும் இருந்தால் முழு விலாசத்தையும் பாருங்கள். இன்னொன்று, கோட்டை ரயில் நிலையம் இருப்பது பழைய கோட்டைக்கு உள்ளே அல்ல, புறக்கோட்டைப் பக்கத்தில். கோட்டை மதில்களை 19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள், அதனால் எது உள், எது புறம் என்று இன்று நடந்து போகிறவருக்குத் தெரியாது.

எங்கள் காதுக்கு மட்டும் இப்படி நடக்கவில்லை. புறக்கோட்டைக்கு ஆங்கிலத்தில் பெட்டா, அது எங்கள் பேட்டைதான். முகத்துவாரம் ஆங்கிலேயர் வாயில் முட்வல் ஆகிவிட்டது, சிங்களத்தில் மோதர, அதற்கும் ஆற்றுமுகம் என்றுதான் பொருள். தமிழ்ச் சொல் ஆங்கில உடுப்புப் போட்டு நிற்கிறது, நாங்களே அதைக் கண்டு வேற்றுமொழி என்று நினைக்கிறோம்.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர்

சிங்களத்திலும் தமிழிலும் பொருள் வரவில்லை என்றால் அடுத்ததாகக் கடல் தாண்டி வந்தவர்களைப் பாருங்கள். கொழும்பு 1656 வரை போர்த்துக்கேயர் கையில், பிறகு 1796 வரை ஒல்லாந்தர் கையில். போர்த்துக்கேயர் கோயிலும் புனிதர் பெயரும் விட்டுப் போனார்கள். பம்பலப்பிட்டிக்குப் பக்கத்தில் மிலாகிரிய இருக்கிறது. கிரிய என்று முடிவதால் மலை என்று நினைப்பீர்கள், அங்கே மலையே இல்லை. மிலாக்ரே என்றால் அற்புதம், அற்புத மாதாவுக்கு இருந்த தேவாலயத்தின் பெயர். முருகன் கோயில் இருக்கிற ஜிந்துப்பிட்டியும் அப்படித்தான், சான் தோமே, புனித தோமையார், பிட்டியோடு சேர்ந்து தேய்ந்து ஜிந்துப்பிட்டி ஆனது என்கிறார்கள். தோமையார் பெயரில் தேவாலயம் இன்றும் அங்கே நிற்கிறது.

ஒல்லாந்தப் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது வுல்ஃபெண்டால். ஓநாய்ப் பள்ளத்தாக்கு! இலங்கையில் ஓநாய் கிடையாது, நரிதான். போர்த்துக்கேயர் காலத்தில் அங்கே குவாடலூப்பே மாதா கோயில் இருந்ததாகவும், அந்தப் பெயர் வாய்மாறி ஓநாய்த் தண்ணீர் என்ற பொருள் தரும் போர்த்துக்கேயச் சொல்லாகக் கேட்க, ஒல்லாந்தர் அதைத் தங்கள் மொழிக்கு மாற்றினார்கள் என்றும் சொல்லப்படுகிறது. வெள்ளைத் தோணி என்று நாங்கள் வெள்ளவத்தைக்குச் செய்ததைத்தான் அவர்களும் செய்திருக்கிறார்கள். அந்தக் குன்றில் 1757இல் திறந்த ஒல்லாந்தத் தேவாலயம் இன்னும் இருக்கிறது, தரையில் கல்லறைக் கற்கள் பதித்தபடி. புளுமெண்டாலும் ஒல்லாந்தப் பெயர், பூக்களின் பள்ளத்தாக்கு. நகரத்தின் குப்பையைப் பல வருடம் அங்கேதான் மலையாகக் கொட்டினார்கள், அந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

கொம்பனித் தெருவுக்கு ஆங்கிலத்தில் நீண்ட காலம் இருந்த பெயர் அடிமைத் தீவு என்ற பொருள் கொண்டது. ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளை இரவில் பேரை வாவி சூழ்ந்த அந்த நிலத்தில் அடைத்து வைத்தார்கள், தப்பி நீந்தினால் தண்ணீரில் முதலை. தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் அந்தப் பெயரை எடுக்கவேயில்லை, கொம்பனித் தெரு என்றும் கொம்பஞ்ஞ வீதிய என்றுமே சொல்லி வந்தார்கள். அந்தக் கொம்பனி ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி என்பது பொதுவான விளக்கம். உள்ளே நடந்தால் ஜாவா லேன், ரைஃபிள் ஸ்ட்ரீட் என்று மலாய்ச் சிப்பாய்களின் அடையாளம் வரும்.

சித்தியின் கொச்சிக்கடைக்கு வருகிறேன். கொச்சியிலிருந்து வந்தவர்களின் கடைத்தெரு என்பதுதான் விளக்கம். எங்களில் பலர் மிளகாயைக் கொச்சிக்காய் என்பதும் அதே துறைமுகத்தின் ஞாபகம்தான். கொச்சி வணிகர் கடை போட்ட இடம் கரையில் ஒன்றுதான் இருக்கும் என்று நினைத்தது என் பிழை.

கதை கேட்டால் திகதியைப் பாருங்கள்

பெயருக்குக் காரணம் சொல்லாதவர் இந்த நகரத்தில் இல்லை. கேளுங்கள், எழுதுங்கள், ஆனால் ஒவ்வொரு கதைக்கும் பக்கத்தில் ஒரு வருடம் போடப் பாருங்கள். கொழும்பு என்ற பெயரையே எடுப்போம். கண்டியில் ஏறக்குறைய 20 வருடம் சிறை இருந்த ஆங்கில மாலுமி ரொபட் நொக்ஸ் 1681இல் அச்சான புத்தகத்தில், காய்க்காமல் இலை மட்டும் விட்ட ஒரு மாமரத்தால், கொல என்றால் இலை, அம்ப என்றால் மா, கொலம்ப என்று பெயர் வந்ததாகவும், கொலம்பசின் நினைவாகக் கிறிஸ்தவர்கள் அதை மாற்றியதாகவும் எழுதினார். ஆனால் மொரோக்கோப் பயணி இபுன் பதூதா 1344இல் இங்கே வந்து கலன்பு என்று குறித்துவிட்டார், கொலம்பஸ் பிறந்தது 1451இல். சத்தம் ஏற்கெனவே இருந்தது, அதனால் கொலம்பஸ் பகுதியை விட்டுவிடலாம். மாமரக் கதையும், களனி ஆற்றுத் துறை என்று பொருள்படும் கொலொன் தொட்ட என்பதும் இன்னும் களத்தில் நிற்கின்றன. எனக்குத் துறைதான் பொருத்தமாகப் படுகிறது, ஆற்றையும் துறைமுகத்தையும் விட்டு இந்த ஊருக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பழைய காணி உறுதி கையில் கிடைத்தால் விடாதீர்கள். வீட்டுக்காரரின் உறுதியின் அட்டவணையில், கொஸ்கஹவத்த, தெல்கஹவத்த என்று காணியின் பெயர் இருக்கும், பலாமரத் தோட்டம், ஈரப்பலாத் தோட்டம். வீதிப் பெயர் மாறும், உறுதியில் உள்ள பெயரை எளிதில் மாற்றமாட்டார்கள். கொழும்புப் பொது நூலகத்திலும் ஒரு சனிக்கிழமையைச் செலவழிக்கலாம்.

அப்புறம், ஆட்டோவில் ஏறும்போது

அரசாங்கம் பெயர் மாற்றிய வீதிகளை மக்கள் மாற்றவில்லை. ஆனந்த குமாரசுவாமி மாவத்தையைக் கிரீன் பாத் என்றால்தான் பலருக்குத் தெரியும். ஆர். ஏ. டி மெல் மாவத்தை என்று சொல்லிப் பாருங்கள், சாரதி யோசிப்பார், டுப்ளிகேஷன் ரோட் என்றால் உடனே திருப்புவார். காலி வீதிக்குச் சமாந்தரமாக அதன் இரட்டை மாதிரிப் போட்ட வீதி. பௌத்தாலோக மாவத்தை புல்லர்ஸ் ரோட், தர்மபால மாவத்தை டரட் ரோட். ஃபோன் வரைபடத்தில் புதுப் பெயர், வயதானவர் வாயில் பழைய பெயர், ஆகவே இரண்டையும் கொப்பியில் எழுதுங்கள்.

தொடங்க நல்ல இடம் எதுவென்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புறக்கோட்டையில் சனம் குறைவாக இருக்கும். கோட்டை நிலையத்தில் இறங்கி பிரதான வீதியால் நடந்து கெய்மன் கேட் மணிக்கோபுரத்தடிக்கு வாருங்கள், கைமன் என்றால் ஒல்லாந்த மொழியில் முதலை. அங்கிருந்து செட்டியார் தெரு, இரண்டு கதிரேசன் கோயிலும் பார்த்து, ஜிந்துப்பிட்டி, வுல்ஃபெண்டால் குன்று, கடைசியில் கொச்சிக்கடை அந்தோனியார். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். கோயில் வாசலில் பஸ் ஏறும்போது எங்கே போகிறது என்று கேட்காதீர்கள், நீங்கள் இறங்கவேண்டிய இடத்தையும் அதற்கு முந்திய தரிப்பையும் சேர்த்துச் சொல்லி ஏறுங்கள்.